நலமாயிருக்கும் இருபது பேர்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஓர் அடைப்புக்குறியிலிருந்து.

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்திருப்பீர்கள். இடப்பக்கம் பரிசோதனையின் பெயர். நடுவில் உங்கள் எண். அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இன்னும் இரண்டு எண்கள். உங்கள் எண் அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தால் நிம்மதியாக மூச்சு விடுவீர்கள். இல்லாவிட்டால் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் விழும்.

ஒரு காத்திருப்பு அறையில் என் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் எண்ணை மறந்துவிட்டு அடைப்புக்குறியையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ சிலருடைய ரத்தத்தை எடுத்து அளந்துதானே அந்த இரண்டு எண்களையும் போட்டிருப்பார்கள்? அந்த யாரோ சிலர் யார் என்று எந்த ரிப்போர்ட்டிலும் எழுதியிருப்பதில்லை.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே களைத்துப்போனேன்.

2

முதல் தொடக்கம்: "அந்த ஆய்வகம் தரைக்குக் கீழே இருந்தது, சூரியன் அங்கே இறங்கி வர வேண்டுமானால் யாரிடமோ அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்பதுபோல்,"

வேண்டாம். அலங்காரம். ஆனால் ஆய்வகம் தரைக்குக் கீழேதான் இருக்கிறது. அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தொடக்கம்: "பி-12 என்னும் உயிர்ச்சத்து உடலில் குறைந்தால் களைப்பு வரும், மறதி வரும், விரல் நுனிகள் மரத்துப்போகும். நெடுநாள் கவனிக்காமல் விட்டால் மரத்தது மரத்ததாகவே நின்றுவிடலாம்."

இது பாடப்புத்தகம். இருந்தாலும் கதைக்கு இது வேண்டும். அடிக்கவில்லை.

மூன்றாவது தொடக்கம்: "அக்காவுக்குச் சுடுதண்ணீர் சுடவில்லை."

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

அக்காவுக்குச் சுடுதண்ணீர் சுடவில்லை.

அவள் ஒரு பார்லரில் முடி வெட்டுகிறாள். வெட்டுவதற்கு முன்னால் வாடிக்கையாளரைச் சாய்ந்த நாற்காலியில் படுக்கவைத்துத் தலை கழுவிவிட வேண்டும். வருஷக்கணக்காகச் செய்த வேலை. குழாயைத் திருப்பி, விரலை நீட்டி, சூடு பதமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஊற்றுவாள். அன்றும் விரலை நீட்டினாள். பதமாகத்தான் பட்டது. ஊற்றினாள்.

"அய்யோ! தலை வெந்துபோச்சு!" என்று அந்த அம்மாள் எழுந்தே விட்டார், பாதி நுரையோடு.

பார்லர் நடத்துகிறவள் ஓடி வந்து குழாயில் கை வைத்தாள். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அக்காவின் கை இன்னும் அந்தத் தண்ணீருக்குக் கீழேதான் இருந்தது.

"உன் கையில என்ன, தோலா ரப்பரா?"

அக்கா ரப்பர் என்றே சொல்லியிருக்கலாம். சில மாதங்களாக விரல்களில் மெல்லிய உறை மாட்டியது போலத்தான் இருந்தது. கத்தரிக்கோல் இரண்டு முறை நழுவியது. படியேறினால் கால் யாருடையதோ போல இருந்தது. பகலெல்லாம் தூக்கம் வந்தது. தூங்கி எழுந்தாலும் களைப்பு போகவில்லை.

டாக்டர் தைராய்டு பார்க்கச் சொன்னார், பி-12 பார்க்கச் சொன்னார். ரிப்போர்ட் வந்தது. ஒரு நட்சத்திரமும் இல்லை.

அக்காவின் கணவர், கதையில் இவரை மாமா என்று சொல்லிக்கொள்வோம், ரிப்போர்ட்டை விசிறிபோல ஆட்டிக்கொண்டு வந்தார். "மெஷினே சொல்லிருச்சு, உனக்கு ஒண்ணுமில்லன்னு. இனிமே பாத்திரம் நழுவிருச்சுன்னு சாக்கு சொல்ல முடியாது."

அக்காவும் சேர்ந்து சிரித்தாள்.

(அவள் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த வரியை அடித்துவிட்டு அழவைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. கோபப்படவைத்தேன். அதுவும் அவளுடைய கோபமாக இல்லை, என்னுடையதாக இருந்தது. கடைசியில் சிரிக்கவே விட்டுவிட்டேன். மாமா கெட்டவர் இல்லை. தாளில் உள்ளதைப் படித்தார், அவ்வளவுதான்.)

பார்லரில் அவளைத் துண்டு மடிக்க உட்காரவைத்தார்கள். "மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன்," என்றாள் நடத்துகிறவள். "கையில ஏதாவது நோவுன்னா காட்டு, லீவு குடுக்கறேன், வந்து திரும்பச் சேந்துக்கோ. நார்மல்னு ரிப்போர்ட்டை வச்சுக்கிட்டு வெந்நீர் ஊத்துனா நான் என்னன்னு நெனைக்கறது?"

4

அக்காவின் தங்கை அந்த ரிப்போர்ட்டைக் கொடுத்த ஆய்வகத்தில்தான் வேலை பார்க்கிறாள். இந்தக் கதை அவளைத்தான் பின்தொடர்கிறது.

அங்கே அவளுக்கு 'மறுபடி' என்று பெயர். எந்த எண்ணைக் காட்டினாலும், "மறுபடி ஓட்டிப் பாக்கலாமா?" என்று கேட்பாள். கதவைத் திறக்கும்போதே, "மறுபடி வந்தாச்சுப்பா," என்பார்கள். அவளும் கோபித்துக்கொள்வதில்லை.

அவள் வேலை, மெஷின் சொல்லும் எண்கள் உண்மையா என்று பார்ப்பது. வருஷத்துக்கு ஒருமுறை சில சாம்பிள்களை இரண்டாகப் பிரிப்பாள். ஒரு பாதி இங்கே ஓடும். மறுபாதி வெளியூரில் இருக்கும் பெரிய ஆய்வகத்துக்குப் போகும். ஹார்மோன்கள், உயிர்ச்சத்துகள், ஒவ்வொன்றாக. இரண்டு இடத்து எண்களும் ஒத்துப்போனால் 'துல்லியம் திருப்தி' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இந்த வருஷம் பி-12 அழகாக ஒத்துப்போயிருந்தது.

அவள் கையெழுத்துப் போடவில்லை. அக்காவின் கையைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

குளிர்பெட்டியில் அக்காவின் டியூப் இன்னும் இருந்தது. அதை மறுபடி ஓட்டினாள். 162. மறுபடி. 160. மறுபடி. 163. மெஷின் பொய் சொல்லவில்லை.

(எண்கள் நான் கதைக்காக வைத்தவை. உங்கள் ரிப்போர்ட்டை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள்.)

பிறகுதான் அவள் அடைப்புக்குறியைப் பார்த்தாள். ஆய்வகத்தின் ரிப்போர்ட்டில் (140 – 700) என்று இருந்தது. பரிசோதனைக்கான மருந்துப் பெட்டியோடு அதைத் தயாரிக்கும் கம்பெனி அனுப்பும் மடிப்புத் தாளில் (200 – 900) என்று இருந்தது.

அந்தந்த ஊர் மக்களுக்கு ஏற்றபடி ஆய்வகங்கள் இந்த எல்லையை, அவர்கள் பேச்சில் 'ரேஞ்ச்', மாற்றிக்கொள்வது உண்டு. தப்பில்லை. யாருடைய ரத்தத்தை வைத்து மாற்றினார்கள் என்பதுதான் கேள்வி.

5

ஓய்வறை. ஜன்னல் இல்லை. ரத்தம் எடுக்கும் ஊசி அண்ணன் ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து நீட்டிக்கொண்டிருந்தார். அதில் பிஸ்கட் இருந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

"கேஸ் மாத்திரை, கேஸ் மாத்திரை! வரிசையா வாங்க, தள்ளாதீங்க."

"அண்ணே, நான் இன்னும் சாப்பிடவே இல்லண்ணே," என்றது வரிசையிலிருந்து ஒரு குரல்.

"அதுக்கு முன்னாடி போடறதுதான் இது. சாப்பாடு வரும், வராமலும் போகும். மாத்திரை மட்டும் உள்ள போயிடணும்."

எல்லாருக்கும் வயிற்றெரிச்சல். மாறி மாறி வரும் ஷிப்ட், நேரந்தவறிய சாப்பாடு, தலைமாட்டில் இரைந்துகொண்டே இருக்கும் மெஷின்கள். அவளும் ஒன்று எடுத்துக்கொண்டாள். வாயில் போடப் போனவள் கேட்டாள்:

"அண்ணே, நம்ம பி-12 ரேஞ்ச் போடும்போது யார் ரத்தம் எடுத்தீங்க?"

"வேற யாரு, நம்ம ஆளுங்கதான். ஆரோக்கியமானவங்க இருபது பேர் வேணும்னாங்க. அதுக்காக மேல ஆஸ்பத்திரி வார்டுல போயா தேட முடியும்? இங்க இருந்தவங்களை உக்கார வச்சு வரிசையா குத்தினேன். கடைசில நானே என்னைக் குத்திக்கிட்டேன். அதான் கொஞ்சம் வலிச்சுது. நான் எடுத்து எவனுக்கும் வலிச்சதில்ல."

"மருந்து ஏதாவது சாப்பிடறீங்களான்னு கேட்டீங்களா?"

"கேக்காம? ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டேன். எல்லாரும் இல்லன்னுதான் சொன்னாங்க."

அவள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். "அப்ப இது?"

ஊசி அண்ணன் அந்த மாத்திரையையும் அவளையும் பார்த்தார்.

"இது மருந்தா? இது கேஸ் மாத்திரை."

(யாரும் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னைச் சோர்வடையச் செய்கிறது. பொய் சொல்லியிருந்தால் ஒரு பொய்யரைப் பிடித்து இந்தக் கதையைச் சீக்கிரம் முடித்திருப்பேன். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை வருஷக்கணக்கில் போட்டுக்கொண்டால், சாப்பாட்டிலிருந்து பி-12-ஐப் பிரித்தெடுக்க வயிறு திணறும். எல்லாருக்கும் அப்படி ஆவதில்லை, பலருக்கு ஆகலாம். இங்கே எல்லாரும் போட்டுக்கொண்டார்கள். எல்லாரும் படித்தவர்கள். எல்லாருக்கும் இது தெரியும், பரீட்சையில் எழுதவும் எழுதியிருக்கிறார்கள்.)

"உங்களுக்குக் களைப்பா இருக்குமாண்ணே?"

"யாருக்கும்மா இல்ல?" என்று சொல்லிவிட்டு அவர் டப்பாவை மூடினார்.

6

இந்த இடத்தில் நீங்கள் ஒன்று கேட்பீர்கள். எண்ணும் எல்லையும் எக்கேடு கெட்டுப் போகட்டும், அக்காவுக்கு ஊசியைப் போட்டுவிட வேண்டியதுதானே? உயிர்ச்சத்து ஊசிதானே?

அவளும் அதைத்தான் நினைத்தாள். அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா குளியலறையில் வாளித் தண்ணீரில் முழங்கையை முக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைக்குழந்தைக்குப் பதம் பார்ப்பதுபோல. வீட்டில் கைக்குழந்தை இல்லை.

"அக்கா, அந்த ரேஞ்ச் தப்பு. உனக்கு நிஜமாவே குறைவா இருக்கு. வேற டாக்டர்கிட்ட போய் ஊசி போட்டுக்கலாம், வா."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டாள். "வேணாண்டி."

"ஏன்?"

"ஒண்ணுமில்லாதவ நடிக்கறான்னு இப்ப சொல்றாங்க. ஊசி போட்டா, ஊசி போட்டு நடிக்கறான்னுவாங்க. பார்லர்ல அவ என்ன கேட்டா? பேப்பர் கேட்டா. ஊசி கேக்கல."

"உனக்கு உன் விரல் முக்கியமா, அவங்க பேச்சு முக்கியமா?"

"விரல்ல ஒண்ணும் தெரியலடி. பேச்சு தெரியுதே."

அக்காவே தொடர்ந்தாள். "நானே நம்பிட்டேன், தெரியுமா? எல்லாம் நார்மல்னா அப்ப நான்தான் சோம்பேறின்னு. ராத்திரியெல்லாம் என்னை நானே திட்டிக்கறேன். நீ தங்கச்சி, நீ சொன்னா பாசத்துல சொல்றேன்னு தோணும். அந்தத் தாள்ல ஒரு ஸ்டார் போட்டு வாங்கிக் குடு. அப்புறம் எத்தன ஊசி வேணாலும் குத்திக்கோ. உடம்பெல்லாம் குத்திக்கோ."

"லேட் பண்ணப் பண்ண விரல்..."

"தெரியும்."

7

ஆய்வகத்தின் பொறுப்பாளர் ஒரு பெண் டாக்டர். எல்லாரும் மேடம் என்பார்கள். முதல் பிரதியில் இவரை வில்லியாக எழுதினேன். உயரமான நாற்காலி, கண்ணாடிக்கு மேலே பார்க்கும் பார்வை, "உன் வேலையை மட்டும் பாரு" என்ற வசனம். எழுதியதைப் படித்தபோது இவரை எங்கேயும் பார்த்ததாக நினைவு வரவில்லை. நான் பார்த்த பொறுப்பாளர்கள் எல்லாரும் மேசையில் கன்னத்தை ஊன்றிக்கொண்டு இருந்தார்கள். திருப்பி எழுதினேன்.

மேடம் கன்னத்தை ஊன்றிக்கொண்டு இருந்தார்.

"என்ன மறுபடி, இன்னும் கையெழுத்துப் போடலையா?"

"நம்பர் எல்லாம் சரியா இருக்கு மேடம். பக்கத்துல இருக்கற ரேஞ்ச்தான் தப்பு."

அவள் சொல்லி முடிக்கும்வரை மேடம் குறுக்கே பேசவில்லை. பிறகு கைப்பையைத் திறந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். பாதி காலியாகியிருந்தது.

"என் ரத்தமும் அதுல இருக்கு."

"தெரியும் மேடம்."

"மாடி ஏறினா கால் தள்ளாடுது. ஃபோன் நம்பர் மறந்துபோகுது. வீட்ல கேட்டா வேலைன்னாங்க. வேலைல கேட்டா வீடுன்னாங்க. வயசுன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன்." மேடம் சிரிக்க முயன்று பாதியில் விட்டார். "கம்பெனி ரேஞ்சை ஏன் விட்டோம் தெரியுமா? நம்ம இருபது பேர்ல ஒன்பது பேர் அதுக்குக் கீழ விழுந்தோம். ஒன்பது பேரும் வேலைக்கு வந்துக்கிட்டுத்தானே இருக்கோம், அப்ப கம்பெனிதான் தப்புன்னு எழுதினேன். நான்தான் எழுதினேன்."

"இப்ப மாத்திடுங்க மேடம்."

"எதை வச்சு? உங்க அக்கா விரலை வச்சா? அப்படி மாத்தினா நாளைக்கு வேற யாரோ ஒருத்தர் விரலை வச்சு வேற மாதிரி மாத்தணும்." மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "புதுசா இருபது பேரைக் கொண்டு வா. நம்ம ஆளுங்க வேணாம். எந்த மாத்திரையும் போடாதவங்க. நிஜமாவே உடம்பு நல்லா இருக்கறவங்க. இருபதுல ரெண்டு பேர் வரைக்கும் கம்பெனி ரேஞ்சுக்கு வெளிய விழலாம். மூணாவது ஆள் விழுந்தா பழசுதான் நிக்கும். விழலன்னா அன்னிக்கே மாத்தறேன். பழைய ரிப்போர்ட் எல்லாத்தையும் திருத்தி அனுப்பறோம். உங்க அக்காவோடது முதல்ல."

அவள் கிளம்பினாள். மேடம் கூப்பிட்டார்.

"மறுபடி."

"மேடம்?"

"ஒண்ணுமில்ல. போ." மாத்திரை அட்டை மேசைமேலேயே இருந்தது.

8

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: "யாரும் இல்லாத நேரம் பார்த்து அவள் அக்காவின் ரிப்போர்ட்டைத் திரையில் திறந்தாள். 162-க்குப் பக்கத்தில், மிகச் சிறியதாக, ஒரே ஒரு"

இங்கே நிறுத்திவிட்டேன். அவள் விரல் அதற்கு மேல் போகவில்லை. நானும் தள்ளவில்லை. அக்காவுக்கு ஆய்வகத்தில் ஒரு தங்கை இருக்கிறாள். பக்கத்து டியூப்பில் இருக்கும் பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள்?

இரண்டாவது: இருபது பேரும் கிடைக்கிறார்கள். ரேஞ்ச் மாறுகிறது. திருத்தி வந்த ரிப்போர்ட்டை மாமா படிக்கிறார். அன்று பாத்திரம் அவர் கழுவுகிறார். பல வாரங்கள் கழித்து அக்கா பார்லரில் குழாயைத் திருப்பி விரலை நீட்டுகிறாள். "ஸ்ஸ்!" என்று கையை இழுத்துக்கொள்கிறாள். சுட்டதற்குச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அவள்தான்.

இது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஒரே மூச்சில், ஓர் அடித்தல்கூட இல்லாமல் எழுதினேன். அதனாலேயே நம்ப முடியவில்லை. வேண்டும் என்று நினைத்துக்கொண்டு அளந்தால் வேண்டிய எண்தான் வரும்.

9

ஆகவே அவள் தேடப் போனாள். அதை மட்டும் சொல்கிறேன்.

நலமாக இருப்பவர்களைக் கண்டுபிடிப்பது இவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. வாசல் காவலரிடம் கேட்டாள்.

"நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன்மா, ஏதோ."

"ஏதோன்னா?"

"ஏதோன்னா ஏதோதான். இதுக்கு மேல என்ன சொல்றது?"

பஸ் ஓட்டுநர், "ஓடுது," என்றார். பஸ்ஸைச் சொல்கிறாரா தன்னைச் சொல்கிறாரா என்று கேட்டதற்கு, ரெண்டையும்தான் என்றார். மாடிவீட்டுப் பெண், "பரவால்ல," என்றாள். பரவாயில்லை என்பதை எந்த அடைப்புக்குறிக்குள் போடுவது? உடற்பயிற்சி சொல்லித்தருகிறவர் மட்டும் மார்பைத் தட்டிக்கொண்டு, "சூப்பரா இருக்கேன்," என்றார். அவர் எண் கம்பெனி எல்லைக்கு வெளியே விழுந்தது. புதிதாகக் கல்யாணமான ஒருத்தி வெட்கப்பட்டுக்கொண்டே கை நீட்டினாள். அவளுடையதும் விழுந்தது.

இரண்டு பேர் ஆகிவிட்டது. மிச்சம் உள்ளவர்கள் உள்ளேயே நின்றார்கள். மாசக் கடைசி வந்துவிட்டது. அவளிடம் பத்தொன்பது பேர் இருக்கிறார்கள். ஒருவர் குறைகிறார்.

அந்த ஒருவரை நான் உண்டாக்கிவிடலாம். நல்ல தூக்கம், வேளைக்குச் சாப்பாடு, கவலையில்லாத முகம். ஒரு பத்தி போதும். ஆனால் அவரை நான் எழுதினால் அவருடைய எண்ணையும் நான்தான் எழுத வேண்டியிருக்கும். அது அளந்ததாக ஆகாது. மேடம் ஒத்துக்கொள்ளமாட்டார். ரத்தம் நான் எழுதாத ஓர் ஆளிடமிருந்து வர வேண்டும்.

இந்தப் பக்கத்துக்கு வெளியே இப்போது எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள்.

அவள் உங்களுக்கு எதிரே ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ரத்தம் எடுக்கக் கையில் கட்டும் ரப்பர் பட்டை அவள் மடியில் இருக்கிறது. இன்னும் கட்டவில்லை. நீங்கள் இல்லை என்று சொன்னால் எழுந்து அடுத்த தெருவுக்குப் போவாள். அக்காவுக்கு வேலை போகும், விரல் இன்னும் கொஞ்சம் தூரம் போகும். பாவம் பார்த்து ஆமாம் என்று சொல்லிவிட்டு, உங்கள் ரத்தம் களைத்ததாக இருந்தால், நீங்கள்தான் மூன்றாவது ஆள். பழைய எல்லை நிற்கும். அக்கா நார்மலாகவே இருந்துவிடுவாள். உதவி செய்வதாக நினைத்துச் சொல்லும் பொய்யால் அவளுக்கு உதவி இல்லை.

"நல்லா இருக்கீங்களா?" என்று கேட்கிறாள்.

வழக்கமான பதில் உங்கள் வாய்வரை வந்துவிட்டது. அவள் கையை உயர்த்தி அதை நிறுத்துகிறாள்.

"யோசிச்சே சொல்லுங்க. நான் இருக்கேன்."